பல் நாற்காலியில் ஒரு பாடம்: சிரிப்பு வாயுவும் நோயாளியின் பாதுகாப்பும்



மருத்துவமனைக்குக் கொடுக்கிறவர்கள், தாங்கள் கொடுத்தது எப்படிப் பயன்படுகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஆகவே இந்த இதழில் பல் மருத்துவப் பகுதியில் பயன்படுகிற ஒரு வாயுவைக் குறித்துப் படிப்போம். அதன் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. பொதுமக்கள் அதைச் 'சிரிப்பு வாயு' என்று அழைக்கிறார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் பொருள் வேடிக்கையானது அல்ல. சரியாகப் பயன்படுத்தினால் பயந்த நோயாளிக்குப் பெரிய ஆறுதல். கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் சில நிமிடங்களில் உயிரையே பறித்துவிடும்.

இப்பாடத்தின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயாளியின் பாதுகாப்பு அந்த வாயுவில் இல்லை. அதோடு கூடவே செல்லும் பிராணவாயுவிலும், தவறைத் தடுக்கும் பூட்டுகளிலும், நோயாளியை விட்டு அகலாத மனிதக் கண்களிலும்தான் இருக்கிறது.

1. ஏன் இந்த வாயு தேவைப்படுகிறது?

பல்வலியைவிடப் பல் மருத்துவரைக் கண்டு அதிகம் பயப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு வாயைத் திறக்க மறுக்கிற குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, தாடை வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகே வருகிறவர்கள் பலர். அப்போது சிறிய வேலையாக முடிந்திருக்க வேண்டியது பெரிய சிகிச்சையாகிவிடுகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்வது? குழந்தையின் கை கால்களைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்பது பழைய வழக்கம். பல் அன்றைக்குப் போய்விடும். பயம் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். மற்றொரு வழி முழு மயக்கம் கொடுப்பது. அதிலும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவர்கள் தங்கள் சொந்தக் கிளினிக்குகளிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் எடுத்து வந்தார்கள். குழந்தைகள் உட்படப் பலர் இறந்தபடியால், 2001-ஆம் ஆண்டு இறுதியோடு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் மாத்திரமே பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் தரலாம் என்று அங்கே முடிவாயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் நைட்ரஸ் ஆக்சைடு. இதில் நோயாளி தூங்குவதில்லை. கண் திறந்திருப்பார், கேட்டால் பதில் சொல்வார், தானாகவே வாயைத் திறந்து வைத்திருப்பார். பயம் மாத்திரம் தணிந்திருக்கும். ஆங்கிலேயர் இதை 'விழிப்புடன் கூடிய தணிப்பு' என்ற பொருளில் அழைக்கிறார்கள். விழிப்பு என்ற அந்தச் சொல்லை நாம் மறந்துவிடக் கூடாது. பதில் சொல்லாத நோயாளி இந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.

2. வரலாறு நமக்குக் கற்றுத்தருவது

இந்த வாயுவை 1772-ல் முதன்முதலாகத் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் விஞ்ஞானி மாத்திரமல்ல, இங்கிலாந்தில் சபைப் போதகராகவும் ஊழியம் செய்தவர். பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் என்றும் அவர் பெயர் பெற்றார். ஒன்றோடொன்று சேர்ந்தே செல்லவேண்டிய இரண்டு வாயுக்களையும் ஒரே மனிதர் ஆராய்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1800-ல் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் இந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து ஒரு பெரிய நூல் எழுதினார். அறுவைச் சிகிச்சையின் வலியைத் தணிக்க இது பயன்படக்கூடும் என்று அதில் குறிப்பிட்டிருந்தார். ஆனால் ஏறத்தாழ 44 ஆண்டுகள் மருத்துவ உலகம் அதைக் கவனிக்கவில்லை. கேளிக்கைக் கூடங்களில் மக்களைச் சிரிக்கவைக்கவே அது பயன்பட்டது.

1844 டிசம்பர் 10-ஆம் தேதி அமெரிக்காவில் ஹார்ட்போர்ட் நகரில் அப்படி ஒரு காட்சி நடந்தது. வாயுவைச் சுவாசித்த ஒருவர் குதித்து ஆடியபோது காலில் அடிபட்டு இரத்தம் வந்தது. அவரோ வலி தெரியவில்லை என்றார். பார்த்துக்கொண்டிருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதை மனதில் வைத்தார். மறுநாளே வாயுவைச் சுவாசித்துத் தம்முடைய கடைவாய்ப் பல்லையே எடுக்கச் சொன்னார். வலி தெரியவில்லை. ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் முன்னிலையில் அவர் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் நகைத்தார்கள். மனமுடைந்த வெல்ஸ் 1848-ல் இறந்தார்.

அந்தக் காலத்தில் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. பையில் அடைத்த வாயுவைக் கலப்பின்றி அப்படியே கொடுத்தார்கள். நோயாளியின் உதடு நீலமாகும். அதற்குள் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும்! இப்படித்தான் வேலை நடந்தது. 1868-ல் சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஆண்ட்ரூஸ் என்ற அறுவை மருத்துவர், இதோடு பிராணவாயுவைக் கலந்து கொடுக்கவேண்டும் என்று எடுத்துச் சொன்னார். பாதுகாப்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

3. உடலுக்குள் என்ன நடக்கிறது?

நைட்ரஸ் ஆக்சைடு இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரையும். ஆகையால் சுவாசித்த சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும். நிறுத்தினால் அதே வேகத்தில் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரிய வேலை வைப்பதில்லை. ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. இதையோ ஒரு குமிழைத் திருப்பிக் குறைக்கலாம், கூட்டலாம், நிறுத்தலாம். இதுவே இதன் பெரிய நன்மை.

இதன் பலம் குறைவு. சாதாரண காற்றழுத்தத்தில் இதை மாத்திரம் கொண்டு ஒருவரை முழு மயக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பிராணவாயுவுக்கு இடமே இல்லாமல் போகும். அறிவுள்ளவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். பல் சிகிச்சையில் பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரையே கொடுக்கிறார்கள். மீதி முழுவதும் பிராணவாயு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் பிராணவாயு 21 சதவீதம்தான். அப்படியானால் இந்தக் கலவையில் நோயாளி வழக்கத்தைவிட அதிகப் பிராணவாயுவையே பெறுகிறார்.

பின் ஆபத்து எங்கே? ஒரு பாத்திரத்தில் இரண்டு பொருள்களுக்கு இடம் பங்கிடும்போது ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். நைட்ரஸ் ஆக்சைடு விஷமாக இருந்து கொல்வதில்லை. பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதனால் கொல்கிறது. அதற்குப் பெரிய நிறமோ எரிச்சலோ கிடையாது. மூச்சு திணறும் உணர்வும் நோயாளிக்கு வராமல் போகலாம். அமைதியாக இருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த வாயு பயத்தைத் தணிக்கும். பல்லின் வலியை முற்றிலும் போக்காது. ஈறு மரத்துப்போகச் செய்யும் ஊசி வேண்டியதுதான். அந்த ஊசி மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைப் பார்த்தே கணக்கிட வேண்டும். வாயு கொடுத்திருக்கிறோம் என்பதற்காக ஊசி அளவில் கவனம் குறையக் கூடாது. அதுபோல, தூக்க மாத்திரையோ வேறு தணிப்பு மருந்தோ இதோடு சேர்ந்தால் விளைவு ஆழமாகிவிடும்; அது வேறு வகைச் சிகிச்சை, அதற்கு வேறு பயிற்சியும் வேறு ஏற்பாடும் வேண்டும்.

4. பூட்டுகள்: இயந்திரத்தின் பாதுகாப்பு

பல் மருத்துவத்துக்கென்று செய்யப்பட்ட நல்ல இயந்திரங்களில் பல பூட்டுகள் வைத்திருக்கிறார்கள். எத்தனை திருப்பினாலும் பிராணவாயு 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி ஒரு பூட்டு. பிராணவாயு சிலிண்டர் தீர்ந்து அழுத்தம் விழுந்தால் நைட்ரஸ் ஆக்சைடும் உடனே நின்றுவிடும்படி மற்றொரு பூட்டு. ஒரே பொத்தானை அமுக்கினால் நூறு சதவீதப் பிராணவாயு பாயும்படி ஒரு வசதி. சிறிய சிலிண்டர்களின் வாயில் ஊசிபோன்ற முனைகள் பொருந்தும் துளைகள் உண்டு. வாயுவுக்கு வாயு அந்தத் துளைகளின் இடம் மாறும். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரைப் பிராணவாயுவின் இடத்தில் மாட்டப் பார்த்தால் மாட்டாது.

நிறத்தாலும் அடையாளம் உண்டு. நம் நாட்டில் பிராணவாயு சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு நீல நிறம். ஆனால் அமெரிக்காவில் பிராணவாயுவுக்குப் பச்சை நிறம். வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பிய பழைய இயந்திரத்தில் பச்சைக் குழாய் வந்தால் நம் ஊழியர் எதை எதோடு இணைப்பார்? ஆகையால் நிறத்தை மாத்திரம் நம்பக் கூடாது. சிலிண்டரின் மேல் எழுதியிருக்கும் பெயரை வாசிக்க வேண்டும்.

அளவுமானியிலும் ஒரு கண்ணி உண்டு. பிராணவாயு சிலிண்டரில் வாயு செலவாகச் செலவாக முள் இறங்கிக்கொண்டே வரும். பாதி முள் என்றால் பாதி வாயு. நைட்ரஸ் ஆக்சைடோ சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. கடைசித் திரவம் தீரும்வரை முள் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும். அதன்பின் வேகமாக விழும். எடைபோட்டுத்தான் மீதி எவ்வளவு என்று அறியமுடியும். இதை அறியாத ஊழியர் முள்ளைப் பார்த்து ஏமாந்துபோவார்.

5. பூட்டுகளும் ஏமாறும்

இத்தனை பூட்டுகள் இருந்தும் விபத்துகள் நடந்திருக்கின்றன. இவை பல் நாற்காலியில் நடந்தவை அல்ல. ஆனாலும் வாயு அதே வாயு, தவறும் அதே தவறு. ஆகவே தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில் 2015-ல் ஓர் அறுவை அரங்குக்குப் புதிய வாயுக் குழாய் போட்டார்கள். குழாய்கள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. சரியாகச் சோதித்தும் பார்க்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்குப் பிராணவாயு தரவேண்டிய சுவர்வாயிலில் நைட்ரஸ் ஆக்சைடு வந்துகொண்டிருந்தது. 2016-ல் அதனால் ஒரு பச்சிளங்குழந்தை இறந்தது. மற்றொரு குழந்தைக்கு மூளையில் மீளாத பாதிப்பு உண்டாயிற்று. அந்த நாட்டில் பணத்துக்கோ கருவிக்கோ குறைவில்லை. ஒருவர் சோதித்துப் பார்க்கவேண்டிய இடத்தில் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு அருகிலும் இது நடந்ததுண்டு. 2011-ல் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பிராணவாயுவுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்டது. அவர் நினைவிழந்து, அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் உத்தரவிட்டது. இழப்பீடு நியாயமானதே. ஆனால் எந்தத் தொகையும் ஒரு வீட்டில் தாயின் இடத்தை நிரப்பாது.

இயந்திரப் பூட்டுகள் ஏன் இத்தகைய தவறைத் தடுப்பதில்லை? அந்தப் பூட்டு குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்று மாத்திரமே பார்க்கிறது. உள்ளே வருவது எந்த வாயு என்று அதற்குத் தெரியாது. 'பிராணவாயு' என்று எழுதிய குழாயில் வேறு வாயு வந்தாலும் அழுத்தம் சரியாக இருந்தால் பூட்டு திறந்தே இருக்கும். ஆகையால் குழாய் வழியாக வாயு வரும் இடங்களில், புதிதாகக் குழாய் போட்டாலோ பழுதுபார்த்தாலோ, ஒவ்வொரு வாயிலிலும் வருவது பிராணவாயுதானா என்று அளவிடும் கருவியால் சோதித்த பிறகே நோயாளியை உள்ளே அழைக்க வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது நோயாளி நீலம் பாரித்தால், நூறு சதவீதப் பிராணவாயு கொடுத்தும் தேறாமல் மோசமானால், அந்தப் 'பிராணவாயு'வையே சந்தேகிக்க வேண்டும். மூக்கு மூடியைக் கழற்றிவிட்டு, கையால் அமுக்கும் சுவாசப் பையைக் கொண்டு அறையின் காற்றையே கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றின் 21 சதவீதம் அந்த வேளையில் உயிர்காக்கும். இந்தப் பை விலை உயர்ந்த கருவி அல்ல. அது கைக்கெட்டும் இடத்தில் தொங்கவேண்டும் என்பதே முக்கியம்.

6. நாற்காலியில் அமரும் முன் கேட்கவேண்டியவை

இந்த வாயு எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆகையால் நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை உண்டு.

மூக்கடைப்பும் சளியும் உள்ளவருக்கு மூக்கு வழியாக வாயு போகாது. வேறொரு நாள் வரச் சொல்வதே நல்லது. கர்ப்பிணிகளுக்கு, விசேஷமாக முதல் மூன்று மாதங்களில், இதைத் தவிர்க்கிறார்கள். நாள்பட்ட கடும் நுரையீரல் நோய் உள்ளவர்கள், அண்மையில் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்துச் சிகிச்சை பெற்றவர்கள், காதில் அறுவை செய்தவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கும் தவிர்க்க வேண்டும். உடலில் காற்று அடைபட்டிருக்கும் இடங்களுக்குள் இந்த வாயு புகுந்து அதைப் பெருக்கிவிடும் என்பதே காரணம்.

நம் நாட்டில் விசேஷமாகக் கேட்கவேண்டியது பி12 என்ற வைட்டமினைக் குறித்தது. நைட்ரஸ் ஆக்சைடு உடலிலுள்ள பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்குச் சிறிது நேரம் கொடுப்பதால் பெரும்பாலும் கேடு வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே அந்தச் சத்து குறைந்திருப்பவருக்கு நரம்பும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்கள், முதியவர்கள், சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்கிறவர்கள் ஆகியோரில் இந்தக் குறை காணப்படுகிறது. 'கால் மதமதக்கிறதா? நடக்கும்போது தடுமாறுகிறதா?' என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் வரும் துன்பமோ நீண்டது. போதைக்காக இதே வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசித்த இளைஞர்கள் நடக்கமுடியாமல் போனதுண்டு. பிரிட்டன் 2023-ல் அப்படி வைத்திருப்பதையே குற்றமாக்கியது.

வயிறு நிறைய உண்டுவிட்டு வந்தால் வாந்தி வரலாம். லேசான ஆகாரத்தோடு வரும்படி முன்னரே சொல்ல வேண்டும். குழந்தையானால் பெற்றோருக்கு எல்லாவற்றையும் தாய்மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். 'கையெழுத்துப் போடுங்கள் அம்மா' என்று தாளை நீட்டுவது விளக்கம் ஆகாது.

7. நாற்காலியில் நடப்பது

முறையாகச் செய்கிற இடத்தில் காரியங்கள் இந்த ஒழுங்கில் நடக்கும்.

முதலில் பிராணவாயு. மூக்கு மூடியை வைத்தவுடன் நூறு சதவீதப் பிராணவாயுவையே சில நிமிடம் கொடுப்பார்கள். மூடி சரியாகப் பொருந்துகிறதா, பை மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தையிடம், 'தம்பி, இது விமானம் ஓட்டுகிறவர் போடும் மூடி. மூக்கால் மூச்சு விடு பார்க்கலாம்' என்று சொல்வார்கள்.

அடுத்து, படிப்படியாக. 10 சதவீதம் கொடுத்து ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். விரல் நுனியில் லேசான குறுகுறுப்பு, உடலில் ஒரு வெதுவெதுப்பு, தோள்கள் தளர்தல் ஆகியவை வந்தால் போதும். எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு என்று குமிழைத் திருப்பி வைத்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ஒருவருக்குப் போதாத அளவு மற்றொருவருக்கு மிகுதியாகும்.

பிறகு, விடாத கவனிப்பு. விரலில் மாட்டும் கருவி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்ட வேண்டும். கருவி நல்லது, ஆனால் அது ஆபத்தைச் சற்றுத் தாமதித்தே சொல்லும். அதற்கு முன்னே சொல்லக்கூடியது நோயாளியின் முகம். உதட்டின் நிறம், மார்பின் அசைவு, பேச்சுக்கு வரும் பதில் இவற்றையே முதலாவது பார்க்க வேண்டும். வாய் அடிக்கடி தானாக மூடிக்கொண்டால் அளவு மிகுந்துவிட்டது என்று அர்த்தம். வாயைத் திறந்தே வைத்திருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டால் இந்த எச்சரிக்கையே மறைந்துபோகும். ஆகவே அதை வழக்கமாக்கக் கூடாது. குமட்டல், வியர்வை, காரணமின்றி அழுகை, பதில் குழறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வாயுவைக் குறைத்துப் பிராணவாயுவைக் கூட்ட வேண்டும்.

அறையில் மருத்துவரோடு பயிற்சிபெற்ற மற்றொருவரும் எப்போதும் இருக்கவேண்டும். மருத்துவரின் கண் பல்லில் இருக்கும்போது மற்றவருடைய கண் நோயாளியின் முகத்தில் இருக்கும். இந்த வாயுவின் தாக்கத்தில் சிலருக்குக் கனவுபோன்ற தவறான எண்ணங்கள் தோன்றுவதுண்டு. ஆகையால் நோயாளியின் மானத்தையும் மருத்துவரின் நற்பெயரையும் காக்கவும் இந்த இரண்டாவது நபர் அவசியம்.

கடைசியிலும் பிராணவாயு. வேலை முடிந்தது என்று மூடியைச் சட்டென்று கழற்றக் கூடாது. இரத்தத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வேகமாக நுரையீரலுக்குள் திரும்பி வரும். அந்தச் சில நிமிடங்களில் பிராணவாயு குறையக்கூடும். ஆகவே குறைந்தது 3 முதல் 5 நிமிடம் வரை நூறு சதவீதப் பிராணவாயு கொடுத்து, தலைச்சுற்றல் நீங்கி நேராக நடக்கிறாரா என்று பார்த்தே அனுப்ப வேண்டும். குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். வெளியே வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது குறைந்துபோவது இந்த ஐந்து நிமிடம்தான்.

8. ஊழியரையும் மறவாதிருப்போம்

நோயாளி ஒரு நாள் வந்துபோகிறார். அந்த அறையில் நாள்தோறும் நிற்கும் செவிலியரும் உதவியாளரும் கசியும் வாயுவை நாள்தோறும் சுவாசிக்கிறார்கள். அமெரிக்காவில் பல் மருத்துவ உதவியாளரான பெண்களைக் குறித்த ஓர் ஆய்வு 1992-ல் வெளியாயிற்று. கழிவு வாயுவை வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத அறையில் வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு மாதந்தோறும் வெகுவாகக் குறைந்திருந்தது. வெளியேற்றும் ஏற்பாடு இருந்த இடங்களில் அந்தக் குறை காணப்படவில்லை.

ஆகையால் நோயாளி வெளிவிடும் மூச்சை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும் இரட்டை மூக்கு மூடி ஆடம்பரம் அல்ல. நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர் காற்றை அது இழுக்க வேண்டும். அந்தக் காற்று கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களுக்கும் குளிர்சாதனத்துக்கும் தூரமாகப் போக வேண்டும். குளிர்சாதனம் மாத்திரம் ஓடும் அடைத்த அறையில் அதே காற்று சுற்றிச் சுற்றி வரும். இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி. சிகிச்சையின்போது நோயாளி அதிகம் பேசாமல் மூக்கால் மூச்சுவிடும்படி பழக்குவதும் உதவும்; பதில் சொல்லத் தலையசைத்தாலும் போதும்.

9. கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டியவை

ஓர் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்து, அதன்மேல் பெயர்ப்பலகை வைத்து, புகைப்படமும் எடுத்துக்கொள்வது எளிது. அந்த இயந்திரத்தைப் பாதுகாப்பானதாக்கும் காரியங்களோ புகைப்படத்தில் தெரிவதில்லை. நீங்கள் எந்த மருத்துவமனைக்கு இத்தகைய உதவி செய்தாலும் கீழ்க்கண்டவற்றைத் தாராளமாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் இதற்காக வருத்தப்படமாட்டார்கள்.

1) இது பல் மருத்துவத்துக்கென்றே செய்யப்பட்ட, 30 சதவீதப் பூட்டுள்ள இயந்திரமா?

2) மாற்றுப் பிராணவாயு சிலிண்டர் நிரம்பியதாக அறையிலேயே இருக்கிறதா?

3) கையால் அமுக்கும் சுவாசப் பை, குழந்தை அளவிலும் பெரியவர் அளவிலும், கைக்கெட்டும் தூரத்தில் உண்டா?

4) விரலில் மாட்டும் கருவியும், கழிவு வாயுவை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டா?

5) ஆண்டுதோறும் பழுதுபார்த்துச் சோதிக்க யார் வருவார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்?

6) மருத்துவரும் உதவியாளரும் இதற்கென்று பயிற்சி பெற்றவர்களா? மூச்சு நின்றால் என்ன செய்வது என்று கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்?

ஐந்தாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் பதில் இல்லாத இடத்தில் இயந்திரம் இருப்பதைவிட இல்லாதிருப்பதே நலம். பயந்த குழந்தைக்கு இனிய வார்த்தையும், மரத்துப்போகச் செய்யும் ஊசியும், பொறுமையுள்ள மருத்துவரும் இருந்தாலே பாதி பயம் போய்விடும். பாதுகாப்பில்லாத வசதியைவிட வசதியில்லாத பாதுகாப்பு மேலானது.

சிந்தனைக்கு (குடும்பமாகவோ சங்கக் கூட்டத்திலோ பேசலாம்)

அ. 1844-க்கும் 1868-க்கும் நடுவே இந்த வாயுவைப் பயன்படுத்தினவர்கள் எதைக் கவனிக்கத் தவறினார்கள்?

ஆ. பூட்டு அழுத்தத்தைப் பார்க்கும், வாயுவைப் பார்க்காது என்று படித்தோம். நம் வீட்டிலும் வேலை இடத்திலும் இப்படி நாம் பார்க்காமல் நம்பிவிடுகிற பூட்டுகள் எவை?

இ. வரிசை நீளமாக இருக்கும்போது, 'டாக்டர், சீக்கிரம்' என்று அவசரப்படுத்துகிறோமே. அந்த அவசரம் யாருடைய ஐந்து நிமிடத்தைப் பறிக்கிறது?

ஈ. நாம் கொடுத்த ஒரு கருவியைப் பராமரிக்கவும், அதைக் கையாள ஒருவரைப் பயிற்றுவிக்கவும் கொடுத்திருக்கிறோமா?

சிரிப்பு வாயு நோயாளியின் பயத்தைத் தணிப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. அறையில் நிற்கிறவர்களுடைய பயம் தணிந்துவிடக் கூடாது. அவர்கள் நல்ல பயத்தோடு, விழித்த கண்களோடு நிற்கும்வரைக்கும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் குழந்தை அஞ்சாமல் இருக்கலாம். அவர்களுக்கு வேண்டிய கருவியையும் பயிற்சியையும் கொடுத்து அவர்களோடு நிற்பது நம்முடைய பங்கு.